மூக்குக் குழாயில் போவதும் சாப்பாடுதான்

தோட்டத்திலிருந்து ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், பின்னாலேயே வீட்டுக்காரம்மா பிளாஸ்க்கில் கஞ்சியோடு போய் நிற்பார். ஐ.சி.யூ. என்றால் தாதி வாசலிலேயே தடுத்துவிடுவார். "மூணு நாளா வயிறு காயுதே, வெறும் தண்ணிய ஏத்திக்கிட்டே இருக்காங்களே!" என்று அழுகை வரும். அந்த வேதனை நியாயமானதே.

நீங்கள் நினைப்பதில் பாதி சரி. கையில் ஏறும் தண்ணீர் சாப்பாடு ஆகாது. 500 மில்லி போத்தலில் 5 சதவீத குளுக்கோஸ் என்றால் மொத்தம் 25 கிராம்தான். ஐந்தாறு தேக்கரண்டி சீனி அளவு. உப்புத் தண்ணீர்ப் போத்தலில் அதுவும் இல்லை.

சாப்பாடு போவது, மூக்கு வழியே இரைப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயில். இரத்த அழுத்தம் நிலைப்பட்டிருந்தால், முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கவே டாக்டர்கள் பார்ப்பார்கள். கடும் நோயில் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளடைவில் தினம் 60 கிராம் புரதமாவது சேர வேண்டும். பத்து முட்டையில் உள்ள அளவு!

பின் ஏன் முதலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள்? பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென நிறையக் கொடுத்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயமே தடுமாறலாம். அதனால்தான் படிப்படியாகக் கூட்டுகிறார்கள்.

ஆகவே, மறைவாக ஒரு கரண்டி கஞ்சிகூட ஊட்டாதீர்கள். மூச்சுக் குழாயை எடுத்த பின்னும் சிலருக்குச் சில நாள் சரியாக விழுங்க வராது. கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிழைத்து வந்தவரை நம் அன்பே மறுபடி இயந்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டிய உதவி வேறு. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, எடை எவ்வளவு குறைந்தது, இனிப்பு நீர் உண்டா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சம்சு குடிக்கும் பழக்கத்தையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவருக்கு உணவு தொடங்குமுன் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டியிருக்கும். "குழாயில் சாப்பாடு எப்போது தொடங்குவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

"இனி வாயால் கொடுக்கலாம்" என்று அவர்கள் சொல்லும் நாள் வரும். அன்று திறங்கள் பிளாஸ்க்கை. வெறும் கஞ்சியாக வேண்டாம். அவர்கள் சொல்லும் பக்குவத்தில் முட்டையோ, பருப்போ, மீனோ மசித்துச் சேர்த்துக் கொடுங்கள். கரைந்த தசையைத் திரும்பக் கட்டப்போவது உங்கள் கைச் சமையல்தான்!