கறுத்த எண்ணெயில் சுட்ட வடை

தேனி மாவட்டம் கடமலைக்குண்டில் பஸ்சுக்குக் காத்திருப்பவர்களுக்கு டீயும் வடையும்தான் பசியாற்றும். வடை சரி. அதைச் சுட்ட எண்ணெய்?

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சிதைந்துவிடும். ரத்தக் கொதிப்பு, இருதய நோய்க்கு அது வழி வகுக்கும். சிதைந்த பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இதுவே விதி. அந்த எண்ணெயை வாங்கி, வண்டிகளுக்கு 'பயோ டீசல்' தயாரிக்கும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது.

ஆனாலும் பழைய எண்ணெய் சில சட்டிகளை விட்டுப் போகவில்லை. காரணம், எண்ணெய் விலை! மிச்சத்தைக் கொட்ட மனம் வருவதில்லை.

அளந்து பார்க்கக் கருவி இல்லையா? கண் இருக்கிறதே! எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் வடை வேண்டாம். ஆவியில் வெந்த இட்லி இருக்கிறது.

எஞ்சினுக்குப் போகவேண்டிய எண்ணெய், குழந்தையின் வயிற்றுக்குப் போகலாமா?