கல்லை எடுக்க லேசர் வந்தாச்சு. குடிக்கத் தண்ணியும் போக இடமும் எப்போ வரும்?

1/
"டாக்டர், லேசர்ல எடுத்துட்டா இனிமே கல்லு வராதுல்ல?"
எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை முடித்து வீட்டுக்குக் கிளம்பும் பலரும் கேட்கும் கேள்வி இது. நேர்மையான பதில்: வரும். எதுவும் மாற்றாமல் பழையபடியே இருந்தால், அடுத்த 10 வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வரும்.
கொஞ்சம் நீளமான இழை. பொறுமையாப் படிங்க மக்களே.

2/
முதலில் கல் எப்படி உருவாகுதுன்னு பார்ப்போம். நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப ஈஸி. அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீங்க. பாத்தியில் தண்ணீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு தானாகப் பூக்கும். சிறுநீரகத்துக்குள் நடப்பதும் இதேதான். தண்ணீர் குறையும்போது கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் கரைந்திருக்க முடியாமல் படிகமாகின்றன. படிகம் சேர்ந்து கல்லாகிறது.

3/
ஃபவுண்டரி உலை முன்னாடி, பாய்லர் பக்கத்துல, கப்பல் தளத்துல, கன்டெய்னர் லாரி கேபின்ல வேலை செய்யும் ஒருத்தருக்கு உடம்புத் தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும். மிச்சம் கொஞ்சம்தான் சிறுநீராக வரும். அது கெட்டியாக, அடர் மஞ்சளாக இருக்கும். உப்பளம் ரெடி.

4/
இது என் யூகம் இல்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தென்னிந்திய இரும்பாலை ஒன்றில் செய்த ஆய்வு 2020-ல் வெளியானது. 91 தொழிலாளர்களுக்குச் சிறுநீரக ஸ்கேன் எடுத்தார்கள். 27 சதவீதம் பேருக்குக் கல்லோ சுண்ணாம்புப் படிவோ இருந்தது. அப்படி இருந்தவர்களில் 84 சதவீதம் பேர் வெப்பம் தாக்கும் இடங்களில் வேலை செய்பவர்கள்.
கல் என்பது சாப்பாட்டு வியாதி மட்டும் இல்லை. வேலையிடத்து வியாதியும்தான்.

5/
சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். இதில் நிஜமாகவே நாம் கொடுத்துவைத்தவர்கள்.
ஒரு காலத்தில் பெரிய கல் என்றால் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துத்தான் எடுக்கணும். வாரக்கணக்கில் படுக்கை, மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது. மூட்டை தூக்கிப் பிழைக்கும் மனுஷனுக்கு அது பாதி வாழ்க்கை போன மாதிரி.

6/
1976-ல் ஸ்வீடனில் முதுகுப் பக்கம் ஒரு சின்னத் துளை வழியாகக் கல்லை எடுத்தார்கள். அதுதான் இன்றைய பி.சி.என்.எல்.
1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கத்தியே படாமல், வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைத்தார்கள். அந்தக் கருவியைச் செய்தது டார்னியர் என்ற விமானக் கம்பெனி! வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஆராயப் போய்க் கிடைத்த அறிவு, கடைசியில் கிட்னிக் கல்லுக்கு மருந்தானது.

7/
இன்று இருக்கும் வழிகள், சுருக்கமாக:
🔹 4-5 மி.மீ. வரை: பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். வலி மருந்து, தண்ணீர், மறுபடி ஒரு ஸ்கேன் போதும்.
🔹 அதிர்வலைச் சிகிச்சை: மிதமான அளவுள்ள, ரொம்பக் கெட்டியில்லாத கல்லுக்கு. ஒரே தடவையில் முடியாமலும் போகலாம்.
🔹 ஆர்.ஐ.ஆர்.எஸ்.: சிறுநீர் வரும் பாதை வழியாகவே சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள வளையும் குழாய் உள்ளே போய், லேசரால் கல்லைத் தூளாக்கும். உடம்பில் வெட்டே கிடையாது. பொதுவாக 2 செ.மீ. வரை.
🔹 பி.சி.என்.எல்.: 2 செ.மீ.க்கு மேல். முன்பு சுண்டுவிரல் அளவுத் துளை. இப்போது 'மினி' முறையில் அதில் பாதி.

8/
புதுசா வந்திருக்கும் தூலியம் ஃபைபர் லேசர் கல்லை இன்னும் நைஸாகத் தூளாக்கும். உடைத்த தூளை அப்போதே உறிஞ்சி வெளியே எடுக்கும் உறைக்குழாய்களும் வந்துவிட்டன. எல்லாம் நல்ல முன்னேற்றம்தான்.
ஆனால் "லேட்டஸ்ட் மெஷின் எங்க இருக்கு?" என்று மட்டும் தேடி ஓடாதீங்க. கல்லின் அளவு, இடம், கெட்டித்தன்மை, உங்கள் சிறுநீரகத்தின் நிலை, இதைப் பார்த்துத்தான் முறையை முடிவு செய்யணும். விளம்பரத்தைப் பார்த்து இல்லை.

9/
"ரோபோவுல பண்ணலாமா?" என்றும் கேட்கிறார்கள். சாதாரணக் கல்லுக்கு ரோபோ தேவைப்படாது. ப்ராஸ்டேட் புற்றுநோய், சிறுநீரகத்தில் கட்டி மட்டும் எடுப்பது போன்ற நுணுக்கமான அறுவைக்குத்தான் அது பயன்படும். அதுவும் பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை சிகிச்சை தொடங்கப்பட்டது.

10/
கல்லுக்குக் கடன் வாங்க ஓடுவதற்கு முன்னாடி:
✅ நமக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கு. சிறுநீரகவியல் துறை அங்கேயே இருக்கு.
✅ முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அதில் கல் சிகிச்சைகளும் அடங்கும்.
✅ மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. பொருந்துமா என்று கேளுங்க. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீங்க. உங்க எண்ணைக் கேட்டு வாங்குங்க.

11/
இப்போ ரொம்ப முக்கியமான விஷயம். டி.ஜே. ஸ்டென்ட்.
லேசர் சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்து அனுப்புவோம். வீக்கத்தால் பாதை அடைபடாமல் இருக்க அது வேணும். ஆனால் அது தற்காலிகம். சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள், டாக்டர் சொன்ன தேதியில் எடுத்தே ஆகணும்.

12/
வலி போயிடுச்சு, வேலைக்குப் போயாச்சு, ஸ்டென்ட் மறந்தாச்சு. இது நிறைய நடக்கிறது. முக்கியமாக ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கு. டிஸ்சார்ஜ் சீட்டு அவங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கும். அடுத்த மாசம் வேற சைட்டுக்கு மாத்திடுவாங்க, இல்லைன்னா ஊருக்குப் போயிடுவாங்க.
மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் ஸ்டென்ட் மேலேயே கல் படியும். சத்தமே இல்லாமல் அந்தச் சிறுநீரகம் செயலிழக்கவும் கூடும். கல்லை எடுக்க வந்தவர் கிட்னியை இழந்துவிட்டுப் போகும் நிலை.

13/
அதனால, சிகிச்சை முடிந்து கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி: "எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கீங்களா? எந்தத் தேதியில எடுக்கணும்?"
அந்தத் தேதியை போனில் அலாரமாகப் போடுங்க. வீட்டில் இன்னொருத்தர்கிட்டயும் சொல்லிவைங்க. சூப்பர்வைசர்களே, உங்க ஆள் யாராவது கல் ஆபரேஷன் முடிச்சு வந்தா நீங்களும் கேளுங்க. அரைநாள் லீவு ஒரு கிட்னியைக் காப்பாத்தும்.
மருத்துவமனைகளும் ஸ்டென்ட் தேதியை நோயாளியின் மொழியில் எழுதித் தரணும், போன் செய்தும் நினைவூட்டணும். இதுக்குப் பெரிய மெஷின் ஒண்ணும் தேவையில்லை.

14/
சரி, இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.
கல் இருக்கும்போது அதை எடுக்க நம்மிடம் லேசர் இருக்கு, அதிர்வலை இருக்கு, வளையும் கேமரா இருக்கு. மறுபடி கல் வராமல் தடுக்க என்ன இருக்கு?
தண்ணீர். அவ்வளவுதான்.

15/
சிரிக்காதீங்க. 1996-ல் வெளியான இத்தாலி ஆய்வு ஒன்று. முதல் தடவை கல் வந்த 199 பேர். ஒரு பாதியினரைத் தினமும் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மறுபாதியினர் வழக்கம் போல. 5 வருடம் கழித்துப் பார்த்தால்: வழக்கம் போல இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு மறுபடி கல். தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு மட்டுமே.
பாதிக்கும் கீழே!

16/
"அப்போ நிறைய தண்ணி குடிங்க"ன்னு சொல்லிட்டு நான் இழையை முடிச்சிடலாம். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்றோம். சீட்டிலும் எழுதித் தர்றோம்.
ஆனா ஒரு கேள்வி. குடிச்ச தண்ணியை எங்க போய் விடுறது?

17/
துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் அண்ணனை நினைச்சுப் பாருங்க. வண்டியை விட்டு இறங்கினா வரிசை நகர்ந்துடும். கழிப்பறை எங்கேயோ. அவர் என்ன செய்வார்? தண்ணி குடிக்கறதையே குறைச்சுடுவார்.
காசிமேட்டில் விடியற்காலையிலேயே மீன் ஏலத்துக்கு வந்து, மதியம் வரை தெருத்தெருவாக விற்கும் அக்காக்கள்? ஆண்களாவது ஓரமா ஒதுங்கிடுவாங்க. அவங்க வீடு திரும்பும் வரை அடக்கித்தான் வெச்சிருக்கணும்.

18/
மேலே சொன்ன அதே ஆய்வாளர் குழு 2016-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு பெண் தொழிலாளர்களைப் பற்றியது. வேலையிடத்தில் கழிப்பறை வசதி இல்லாததால் வெயிலிலும் அவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும், அதனால் சிறுநீர்ப் பாதைத் தொந்தரவுகள் வருவதும் அதில் பதிவாகியிருக்கிறது.
இவங்ககிட்ட போய் "ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிங்கம்மா"ன்னு சொல்றது வைத்தியமா? பழியை அவங்க மேலேயே போடுற வேலை அது.

19/
சட்டம் இல்லாமலா இருந்தது? 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே குடிநீர் கட்டாயம், கழிப்பறை கட்டாயம், பெண்களுக்குத் தனியாகக் கட்டாயம். 250 பேருக்கு மேல் இருக்கும் ஆலையில் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தரணும் என்று வரைக்கும் எழுதியிருந்தது.
1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? கான்ட்ராக்டர் இந்த வசதிகளைச் செய்யாவிட்டால் முதன்மை நிறுவனமே செய்யணும். இந்தச் சட்டங்களின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் குடிநீரையும் கழிப்பறையையும் கைவிடவில்லை.
தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது.
காகிதத்தில் எல்லாம் இருக்கு.

20/
"ஆள் அடிக்கடி எழுந்து போனா வேலை நின்னுடும் டாக்டர்" என்பார்கள் சில மேலாளர்கள். நியாயமான கவலைதான். ஆனா கணக்கை முழுசா போடுங்க. கல் வலி வந்த ஆள் அன்னிக்கு வேலைக்கு இல்லை. ஸ்கேன், அட்மிஷன், ஆபரேஷன், ஓய்வு, அப்புறம் ஸ்டென்ட் எடுக்க இன்னொரு நாள். அஞ்சு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய் நாட்கணக்கில் ஆளை இழக்கிறீங்க.

21/
அரசுக்கும் இதே கணக்குத்தான். காப்பீட்டில் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை, மூணு தடவை கல் எடுக்கப் பணம் கொடுக்கிறோம். அவர் வேலை செய்யும் இடத்தில் குழாயும் கழிப்பறையும் இருக்கான்னு யாரும் கேட்பதில்லை. கல்லை உடைக்கும் லேசருக்குச் செலவு செய்வது சரிதான், வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அதோட பாதி அக்கறை லாரி நிற்கும் சாலையோரக் கழிப்பறைக்கும் வேணும்.

22/
நம்ம பங்குக்கு நாம செய்யக்கூடியது:
💧 சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. கடுங்காப்பி மாதிரி இருந்தால் உடனே தண்ணீர் குடிங்க.
💧 வெயில் வேலைக்கு எலுமிச்சை ஜூஸ், மோர் நல்லது. உப்பை அள்ளிப் போடாதீங்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் அளவோடு.
💧 பால், தயிரை நிறுத்த வேண்டாம். உணவில் உள்ள கால்சியத்தைக் குறைத்தால் கல் வாய்ப்பு கூடத்தான் செய்யும்.
💧 பீர் குடிச்சா கல் போயிடும் என்பது கட்டுக்கதை. வாழைத்தண்டு சாப்பிடுங்க, நல்ல காய்தான். ஆனா உள்ளே இருக்கும் பெரிய கல்லுக்கு அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீங்க.
💧 வெயிலில் வேர்த்துக் கொட்டும் நாளில் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலையைத் தொடராதீங்க. தண்ணீர் குறைந்த உடம்பில் அது கிட்னியைத் தாக்கும்.

23/
🚨 கல் வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீரே வராமல் போனாலோ, ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். அன்னிக்கே, அப்பவே மருத்துவமனை.
இதயச் செயலிழப்பு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தண்ணீர் அளவை உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணணும்.

24/
கடைசியா, யூனியன் தலைவர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மருத்துவ முகாம் போடும்போது பிரஷர், சுகர் பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. அந்த வேலையிடத்தில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, குடிநீர்க் குழாய் எத்தனை அடி தள்ளி இருக்கு, பெண்களுக்குத் தனியா இருக்கா, கதவில் தாழ்ப்பாள் இருக்கான்னு எண்ணி எழுதுங்க. எழுதினதை நிர்வாகத்திடமும் தொழிலாளர் துறையிடமும் கொடுங்க.
கல் வந்தா எடுத்துவிட நாங்க இருக்கோம். வராம இருக்க அந்தக் குழாயும் கழிப்பறையும்தான் வேணும்.
உங்க வேலையிடத்தில் நிலைமை எப்படி? கமென்ட்ல சொல்லுங்க. ஸ்டென்ட் பற்றிய பதிவுகளை (11 முதல் 13 வரை) மட்டுமாவது ஒருத்தருக்கு அனுப்பிவைங்க.