ஒவ்வொரு செக்‌ஷனிலும் விசாரிக்க ஆள் வேண்டும்



பக்கத்து மெஷினில் ஓவர்லாக் அடிக்கிற பையன் ஒரு வாரமாக டீ டைமுக்கு வெளியே வரவில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரை எண்ணிக்கூடப் பார்க்காமல் பாக்கெட்டில் திணித்தான். கை ஓடவில்லை, பீஸ் தேங்குகிறது. கான்ட்ராக்டர் கத்துகிறார். "என்னடா, லவ் பெயிலியரா?" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரிக்கிறான். திங்கட்கிழமை அந்த மெஷின் காலி. ஊருக்குப் போயிருப்பான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கிறோம். ஊருக்குத்தான் போனானா என்று போன் போட்டுக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அவிநாசி ரோட்டிலிருந்து திருமுருகன்பூண்டிக்குள் எந்தப் பனியன் கம்பெனியில் நுழைந்தாலும் இப்படி ஒரு மெஷின் இருக்கும். 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாட்டில் இறந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு வயது 18-லிருந்து 30-க்குள். நால்வரில் ஒருவர் தினக்கூலி. வயதையும் கூலியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நம் செக்‌ஷன் ஆட்களின் பேர்ப்பட்டியல் மாதிரியே இருக்கிறது.

மனசு பலவீனமானவன், அதான் இப்படி என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். காலை எட்டரைக்கு உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து எழுந்தால் இரவு. லைன் வீட்டில் ஓர் அறைக்குள் ஆறு பேர்; அழுவதற்குக்கூடத் தனி இடம் இல்லை. மீட்டர் வட்டி ஒரு பக்கம், ஆன்லைன் சூதாட்டத்தில் விட்ட பணம் ஒரு பக்கம், ஊரில் தங்கச்சி கல்யாணம் ஒரு பக்கம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் நின்றது. முதலில் வேலை குறைந்தது பீஸ் ரேட் ஆளுக்குத்தான். இத்தனையும் ஒரு பத்தொன்பது வயசுப் பையன் தலையில் இறங்கினால் தூக்கம் எப்படி வரும்?

இது டாக்டர் வேலை, சங்கத்துக்கு இதில் என்ன என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அண்ணன்மாரே, 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது இந்தத் திருப்பூர் வட்டாரம். அத்தனை நாள் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் நீங்கள். அதே விசாரிப்பைத்தான் இன்றைக்கும் கேட்கிறோம்.

படித்த நிபுணர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜிம்பாப்வேயில் 2006-ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிமாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையைத் தொடங்கினார். மருத்துவமனை வாசலில் ஒரு மரப் பெஞ்சு, அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி, மனம் நொந்து வருபவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்ததை 2016-ல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. நம் பேக்கரி வாசலில் பெஞ்சுக்குப் பஞ்சமா? உட்கார்ந்து காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மனம் நொந்தவர்களைக் கவனிப்பது நம் ஊருக்குப் புதுசும் இல்லை. மனம் பேதலித்தவர்களைத் திருமுருகநாதர் கோயிலுக்கு அழைத்து வந்து தீர்த்தமாட வைப்பது தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். வெளியூர்க்காரருக்கு இடம் கொடுத்த பூண்டி, சொந்த வீட்டுப் பிள்ளைக்கு மனநோய் வந்தால் மட்டும் கதவைச் சாத்துகிறது. பொண்ணு கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையும் கூடவே போகட்டும். மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்தார்கள்.

சட்டம் இப்போது நம் பக்கம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். இ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட தீவிர மனநோய்கள் இருக்கின்றன. தகுதி இருந்தால் 80 சதவீதக் கூலி இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். ஆனால் ஒரு தொழிலாளியின் பேரைக் கான்ட்ராக்டர் பதிவே செய்யவில்லை என்றால் அவன் எந்த அட்டையைக் காட்டுவான்? அதனால்தான் இது சங்க வேலை என்கிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு செக்‌ஷனிலும் இரண்டு பேர், ஆண் ஒருவர் பெண் ஒருவர், விசாரிக்கிற ஆளாகப் பேர் கொடுங்கள். மூன்று நாள் வராதவரை அறைக்கே போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அப்போதுதான் வாய் திறக்கும். ஆமாம் என்றால் தனியே விட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடாதீர்கள். அங்கேயே இருந்து 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம். தமிழில் மட்டுமில்லை, இந்தியிலும் ஒடியாவிலும் பேசுவார்கள். வடக்கிலிருந்து வந்த தம்பிகளுக்கு இந்த எண்ணை முதலில் சொல்லுங்கள். அவர்களுக்கு இங்கே அண்ணன் தம்பி என்று நம்மை விட்டால் யார்?

மெண்டல், லூசு என்ற பேச்சு கம்பெனிக்குள் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இறந்தவர் படத்தையும், எப்படிச் செய்தார் என்ற கதையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதே நிலையில் இருக்கிற இன்னொருவன் கையில்தான் அது போய்ச் சேரும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். லீவு நாள், துணி துவைக்கணும், கடைக்குப் போகணும், எல்லாம் தெரியும். ஒரு மணி நேரம் போதும். செக்‌ஷன் பேரையும் உங்கள் போன் நம்பரையும் எழுதிக் கொண்டு வாங்க. ஒரு வாரமாக டீக்கு வராத அந்தப் பையனை இன்றைக்கே போய்ப் பாருங்கள்; ஞாயிறுவரை தள்ளிப் போடாதீர்கள்.