ஜெர்சியை மட்டும் மாட்டிக்கொண்டால் போதுமா?



மூஞ்சிக்கல் டீக்கடைகளில் முதல் பால் கொதிக்கும் நேரத்தில்தான் அமெரிக்காவில் இரவு ஆட்டம் தொடங்குகிறது. கொடைக்கானல் குளிரில் கம்பளிக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு என்.பி.ஏ. கூடைப்பந்து பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஞாயிறு இரவில் அமெரிக்கக் கால்பந்தும் பார்க்கிறோம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். லெப்ரான் பெயர் போட்ட ஜெர்சியும் நம்மிடம் இருக்கிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மலைக்கு அமெரிக்கா புதிதல்ல. 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக இங்கே ஒரு பள்ளியும் வந்தது. அவர்களை டோலியில் உட்காரவைத்து மலையேற்றியவை கூலித் தோள்கள். ஆட்டத்தை ரசிக்க அந்தத் தோள்களின் வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. நாம் கேட்பது வேறு. ஜெர்சியை எடுத்துக்கொண்டோம். அதைப் போட்டவர்கள் நடத்திய சண்டையை எடுத்துக்கொண்டோமா?

1961இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு ஆடப் போனது. விடுதியின் காபிக் கடையில் கறுப்பின வீரர்களுக்கு உணவு தர மறுத்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர் பில் ரஸல். அவரும் அணியிலிருந்த மற்ற கறுப்பின வீரர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். உனக்கு என் ஆட்டம் வேண்டும், என்னோடு சாப்பிட மட்டும் முடியாதா என்பதுதான் அதன் பொருள்.

இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தக் கதை நம்மிடமும் உண்டு, அதுவும் ரஸலுக்கு முன்பே. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியின் சிறந்த பந்துவீச்சாளர், தலித். புனேயில் சாதி இந்துக்களோடு ஆடிய காலத்தில் அவருக்கு மட்டும் கூடாரத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர். பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. 1920இல் அவர் ஓரங்கட்டப்பட்டபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள். 1923இல் விட்டல் அதே அணிக்குத் தலைவரானார். ஆட மறுப்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான ஆயுதமல்ல. அது நம் முன்னோர் எடுத்த ஆயுதம். நாம்தான் மறந்துவிட்டோம்.

மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஆண்டு 2015. மிசௌரி பல்கலைக்கழகத்தில் இனவெறிச் சம்பவங்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு கறுப்பின மாணவர் பட்டினிப் போராட்டம் இருந்தார். நிர்வாகம் அசையவில்லை. நவம்பர் 7 அன்று கறுப்பின கால்பந்து வீரர்கள் அறிவித்தார்கள்: பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் பதவி விலகும்வரை ஆட மாட்டோம். பயிற்சியாளரும் அவர்கள் பக்கம் நின்றார். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் நடக்காவிட்டால் எதிரணிக்கு 10 லட்சம் டாலர் தண்டம் கட்ட வேண்டும். நவம்பர் 9 அன்று தலைவர் பதவி விலகினார். அந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயிற்சியாளர்கள் கோடி கோடியாய் வாங்க, கல்லூரி வீரர்கள் உதவித்தொகைக்கு மட்டுமே ஆடிய காலம் அது. உதவித்தொகை போய்விடுமே என்ற பயத்தோடுதான் நின்றார்கள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து தலித் மாணவர்கள் வளாகத்திலேயே 'வெளிவாடா' அமைத்துத் திறந்தவெளியில் படுத்திருந்தார்கள். நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எந்தக் கல்லூரி அணி மட்டையைக் கீழே வைத்தது? எந்தக் கபடி அணி களத்துக்கு வர மாட்டோம் என்றது?

விளையாட்டில் அரசியலைக் கொண்டுவராதீர்கள் என்பார்கள். யார் கொண்டுவந்தது? 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதி சொல்லித் திட்டியவர்கள் அல்லவா கொண்டுவந்தார்கள்? அமெரிக்காவில் மணிக்கட்டுப் பட்டை வியர்வை துடைக்க. நம் பள்ளிகளில் அது சாதியைக் காட்ட. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறுகளையும் பட்டைகளையும் தடைசெய்யச் சொன்னது. கிராமத்துக் கோப்பைப் போட்டிகளில் சாதித் தலைவர் படம் போட்ட பனியன்கள் இன்னும் இறங்குகின்றன.

இன்னொரு வாதமும் வரும். என்.பி.ஏ.வே பெருமுதலாளிகளின் வியாபாரம், கறுப்பின உயிர்களும் முக்கியம் என்று தரையில் எழுதியது விளம்பரம் என்பார்கள். பாதி உண்மை. 2016இல் தேசியகீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்கை அந்தப் பருவத்துக்குப் பிறகு எந்தக் கால்பந்து அணியும் எடுக்கவில்லை. ஆனால் 2020 ஆகஸ்ட் 26 அன்று, ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டதற்காக மில்வாக்கி பக்ஸ் வீரர்கள் களத்துக்கு வராமல் இருந்தது எந்த விளம்பரத் திட்டத்திலும் இல்லை. மொத்தத் தொடரும் நின்றது. வாசகம் முதலாளி அனுமதித்தது. மறுப்பு வீரர்கள் எடுத்துக்கொண்டது. வித்தியாசம் அங்கேதான்.

ஆட மறுப்பதற்கும் முதலில் ஆட இடம் வேண்டும். மலையில் சமதளம் தங்கத்துக்குச் சமம். 1895இலேயே இங்கே கோல்ஃப் மைதானம் வந்துவிட்டது. சீசன் முடிந்தபின் குப்பை அள்ளுகிறவர்களின் பிள்ளைகளுக்கும், பூண்டுக் காட்டிலும் காபித் தோட்டத்திலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கும் ஒரு கூடைப்பந்துத் தளம் எங்கே? சரிவான சந்தில் பந்து உருண்டால் பள்ளத்தில் இறங்கித் தேடும் பிள்ளைகள் அவர்கள்.

எனவே மூன்று வேலைகள். நம் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பொது ஆடுகளம் கேட்டு நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் மனு கொடுப்போம். எத்தனை ஆடுகளம், எங்கே, எவ்வளவு செலவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். சாதிப் பெயரில், சாதித் தலைவர் படத்தோடு நடக்கும் எந்தப் போட்டியிலும் ஆட மாட்டோம், பரிசுத்தொகை எவ்வளவானாலும். நம் அணியில் ஒருவனுக்குத் தனிக் குவளை என்றால் பதினோரு பேரும் வெளியே வருவோம்.

மூன்றாவதுதான் கடினம். நன்றாக ஆடுகிறவனுக்குத்தான் அதில் இழப்பு அதிகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்கும் என்று வீடே அவனை நம்பியிருக்கும். அதனால்தான் அவனைத் தனியே விடக்கூடாது. விட்டலும் சிவராமும் அண்ணனுக்காகச் சேர்ந்து விலகினார்கள். ரஸலும் தனியாக விமானம் ஏறவில்லை.

நாளை விடிகாலை ஆட்டத்தை நாமும் பார்ப்போம். ஜெர்சியையும் போட்டுக்கொள்வோம். அதோடு அந்த மறுப்பையும் சேர்த்துப் போட்டுக்கொள்வோம்.

ஜெய்பீம்.