வலம்புரியும் நாலிலையும்

கனடாவில் வாழும் தங்கையின் மகள் சென்ற மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பூங்காப் புற்றரையில் அவளுடைய பிள்ளைகள் இருவரும் குப்புறப் படுத்திருந்து எதையோ தேடுகின்றனர். நாலிலைக் குளோவராம். வெள்ளைக் குளோவர்ச் செடிக்கு இயல்பாக மூன்று சிற்றிலைகள். பல ஆயிரத்தில் ஒன்றுக்கு நாலாவது முளைக்கும். அதைக் கண்டெடுத்தவனுக்கு அதிர்ஷ்டம் என்பது வெள்ளையர் நம்பிக்கை. "மாமா, கொழும்புத்துறையிலை இது இருக்கோ?" என்று கேட்டிருந்தாள்.

மாரியில் நீர் தேங்கும் யாழ்ப்பாணத்து வயலோரங்களில் படரும் ஆரைக்கீரைக்குக் காம்புக்குக் காம்பு நான்கு சிற்றிலைதான். குளோவருக்கும் அதற்கும் உறவில்லை. அது பன்ன இனம். ஆனால் இலைக் கணக்கு மட்டுந்தான் அதிர்ஷ்டம் என்றால், என் தாயார் எத்தனையோ அதிர்ஷ்டங்களை வறை செய்து எங்களுக்குச் சோற்றோடு போட்டிருக்கிறார்.

இதைச் சொல்லி வெள்ளைக்காரனைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. எங்கள் நாலிலைக்குப் பெயர் வலம்புரிச் சங்கு.

எங்கள் கடலில் கிடைக்கும் சங்குகள் ஏறக்குறைய எல்லாமே இடம்புரி. மிக அரிதாக ஒன்று மறுபக்கம் சுருள்கிறது. பிறவியில் நேர்ந்த மாறுதல், அவ்வளவே. ஆனால் அது இருக்கும் வீட்டில் இலட்சுமி குடியிருப்பாள் என்கிறார்கள். இடம்புரியை அறுத்துத்தான் வங்காளத்துச் சுமங்கலிகளுக்கு வளையல் செய்கிறார்கள். ஜேம்ஸ் ஹோர்னெல் 1914இல் சங்கைப் பற்றி எழுதிய நூலில் இந்தத் தொழிலெல்லாம் விரிவாக உண்டு. மூச்சடக்கிச் சங்கு குளித்தவனுக்குச் சோறு போட்டது இடம்புரிதான்.

எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் ஒருவர், பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் படகின் இயந்திரத்தை விற்று, வெளிநாட்டிலுள்ள மைத்துனரிடமும் காசு வாங்கி, ஒரு "வலம்புரி" வாங்கினார். பத்து மடங்குக்கு விற்றுத் தருவதாகச் சொன்ன தரகர் பின்னர் தொலைபேசியை எடுக்கவில்லை. சங்கை என்னிடம் கொண்டுவந்தார். வாய்ப்புறத்தின் உள்ளே, நடுத்தண்டில், உண்மைச் சங்குக்கு மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும். இதில் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் வாழும் வேறொரு நத்தையின் ஓடு அது. அந்த இனத்துக்கு அப்படிச் சுருள்வதுதான் இயல்பு. டெக்சாஸ் மாநிலம் 1987இல் அதனைத் தன் சின்னமாகவே ஏற்றிருக்கிறது. அங்கே கரையில் பொறுக்கலாம். இங்கே படகு இயந்திரம் விலை.

தரகரை மட்டும் திட்டினால் போதாது. "பல கோடி ரூபா பெறுமதியான வலம்புரியுடன் இருவர் கைது" என்ற செய்தியை என் தொழிற்காலத்தில் எத்தனை தடவை நானே செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! கோடி என்று மதித்தவர் யார்? விற்க வந்தவர் சொன்ன விலை அது. மோசடிக்காரன் வாயில் பிறந்த தொகையைப் பொலிஸார் திருப்பிச் சொன்னார்கள், நாங்கள் கொட்டை எழுத்தில் போட்டோம். அடுத்த தரகர் அந்தப் பத்திரிகைத் துண்டையே சான்றாகக் காட்டுகிறார். அந்த விலை கொடுத்து வாங்கிய ஒருவரையேனும் இந்த முப்பது ஆண்டுகளில் நான் சந்தித்ததில்லை. சங்கு குளிப்பவனுக்கு ஓர் இடம்புரிக்கு என்ன கிடைக்கிறது என்று எந்தப் பத்திரிகை எழுதியது? நான் எழுதவில்லை.

யோகர் சுவாமிகள் 1964இல் மறையும்வரை வாழ்ந்த ஊர் இது. உலக ஆதாயம் நாடி வந்தவர்களை அவர் ஏசிக் கலைத்த கதைகளை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, வலம்புரிக்குப் பங்குக் காசு கேட்டு இலண்டனுக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

வெளிநாட்டு உறவுகளே, அந்த அழைப்பு உங்களுக்கும் வரும். காசு அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஒரு வலைக்கு அனுப்புங்கள்.

தங்கை மகளுக்குப் பதில் எழுதிவிட்டேன்: பிள்ளைகள் தேடட்டும், புல்லில் தேடக் காசு செலவில்லை. நம்மவர் இப்போது வேறொருவரின் படகில் கூலிக்குப் போகிறார். அந்த அமெரிக்க நத்தை ஓடு இன்னும் அவர் வீட்டுச் சாமியறையில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லையாம். வெள்ளிக்கிழமைகளில் பூ வைக்கிறார்கள்.