கண்ணாடிப் பொட்டியா... காத்தோட்டமா?

'கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன்' என்று கிளம்புகிற யாரிடமாவது லிஸ்ட்டை வாங்கிப் பாருங்கள். முதல் வரியில் கிராஃபிக்ஸ் கார்டு. அடுத்து ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி. ஒவ்வொன்றுக்கும் மாடல் நம்பர் மனப்பாடம். செமஸ்டருக்குக்கூட அப்படிப் படித்திருக்க மாட்டார்கள்! கடைசி வரியில் மட்டும், 'கேபினட் - மிச்சக் காசுக்கு எது வருதோ அது' என்று இருக்கும்.

பாஸ், வில்லன் இந்தக் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கிறான்.

மிச்சக் காசோடு ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றால் என்ன நடக்கும்? 'தம்பி, இப்ப இதுதான் செம மூவிங்' என்று ஒரு கண்ணாடிப் பொட்டியைக் காட்டுவார்கள். முன்னாடி கண்ணாடி, பக்கத்தில் கண்ணாடி, உள்ளே மூணு ஃபேன் கலர் கலராக மின்னும். பார்த்ததும் மனசு 'ஓகே' சொல்லிவிடும். மூளையைக் கேட்டால்தான் அது ஒரு கேள்வி கேட்கும்: 'சரி, இதுக்குள்ள காத்து எந்த வழியா போகும்?'

கேபினட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

அஞ்சு குண்டு பல்பு!

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீங்க. மாணவர்கள் நிறைய பேர் வைத்திருக்கிற ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் வரை இழுக்கும். ஐ5-12400எஃப் ப்ராசஸர் உச்சத்தில் 117 வாட். மதர்போர்டு, ரேம் எல்லாம் சேர்ந்து முழுசாக உழைத்தால் சுமார் 300 வாட். இந்த மின்சாரம் ஏறக்குறைய முழுசும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அதாவது, 60 வாட் குண்டு பல்பு அஞ்சை ஒரே பொட்டிக்குள் எரியவிட்டு மூடி வைத்த மாதிரி! 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றே 575 வாட். அது கிட்டத்தட்ட பத்து பல்புக்குச் சமம்!

இந்த 300 வாட் சூட்டை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருகிற காற்று 10 டிகிரி மட்டும் அதிகமாக இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு நொடியும் சுமார் 26 லிட்டர் காற்று பொட்டியைக் கடந்து போக வேண்டும். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். நொடிக்கு ஒரு கேனுக்கும் மேலே! ஃபேன் அட்டையில் போடுகிற சிஎஃப்எம் கணக்கில் சொன்னால் 55.

'என் ஃபேன் ஒண்ணே 60 சிஎஃப்எம்னு போட்டிருக்கே?' என்று கேட்பீர்கள். அது எதிரே தடையே இல்லாமல், வெட்டவெளியில் அளந்த கணக்கு. அதே ஃபேனுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, ஓரத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டால் கதையே வேறு. காற்று பாதியானால், அந்த 10 டிகிரி 20 டிகிரி ஆகிவிடும்.

நம்ம ஊர் வெயில் தனி

வெறும் காற்றை ஊதுகிற எந்த ஃபேனாலும் எதையும் அறையைவிடக் குளிராக்க முடியாது. அறை 38 டிகிரி என்றால் உள்ளே போகிற காற்றும் 38தான். அறை ஒரு டிகிரி ஏறினால், உள்ளே இருக்கிற சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்.

யூடியூப்பில் வெளிநாட்டு அண்ணாச்சி ஒருவர், 'இந்த கேபினட்ல கார்டு 70 டிகிரிதான்' என்று சந்தோஷமாகச் சொல்வார். அவர் ரூம் 22 டிகிரியில் இருக்கும். உங்கள் ஹாஸ்டல் ரூம் மே மாசத்தில் 37. அந்த 70-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு 15-ஐக் கூட்டிப் படியுங்கள். அதனால்தான் நல்ல விமர்சகர்கள், 'அறையைவிட எத்தனை டிகிரி அதிகம்' என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த நம்பர்தான் நமக்கு உபயோகம்.

இது புதுப் பிரச்னையும் இல்லை. பென்டியம் 4 காலத்து கேபினட்டுகளின் பக்கவாட்டு மூடியில் ஒரு பிளாஸ்டிக் புனல் இருக்கும், ஞாபகம் இருக்கா? வீட்டுப் பரணில் தேடினால் இன்னும் கிடைக்கலாம். அது அழகுக்கு வைத்ததல்ல. வெளியே 35 டிகிரி இருந்தாலும் ப்ராசஸர் ஃபேனுக்குப் போகும் காற்று 38-ஐத் தாண்டக்கூடாது என்று இன்டெல் வகுத்த விதிக்காக வந்த ஐடியா. வெளிக்காற்றை நேராக ப்ராசஸர் தலையில் கொண்டுபோய் விட்டார்கள். பார்க்க மொக்கைதான், ஆனால் வேலை செய்தது.

சூடானால் என்ன ஆகும்?

உடனே புகை வராது, கவலை வேண்டாம். இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெரும்பாலானவை 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எல்லை 95. என்விடியா கார்டுகள் எல்லைக்குப் போகும் முன்பே, சூடு ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை இறக்கும். முதலில் ஃபேன்கள் விமானம் கிளம்புகிற மாதிரி அலறும். அப்புறம் மேட்ச் உச்சத்தில் இருக்கும்போது எஃப்பிஎஸ் விழும். 'நெட் ஸ்லோ'னு திட்டுவோம், பாவம் நெட்!

அப்பா லோன் போட்டோ, நாமே பார்ட் டைம் வேலை பார்த்தோ சேர்த்த காசில் வாங்கிய கார்டு அது. அதன் வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, மூச்சு முட்டுகிற பொட்டியில் அடைத்து அந்த வேகத்தை நாமே பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்?

ஒரே உடம்பு, ரெண்டு முகம்

முன்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கடையிலேயே சாட்சி இருந்தது. 2020-ல் கோர்செயர் கம்பெனி 4000டி என்று ஒரு கேபினட்டை விட்டது. கூடவே 4000டி ஏர்ஃப்ளோ என்று இன்னொன்று. உள்ளே இரண்டும் ஒரே அமைப்பு. முதலாவதின் முகம் முழுசாக மூடிய இரும்புத் தகடு, காற்று ஓர இடுக்கு வழியாகத்தான் நுழைய வேண்டும். இரண்டாவதின் முகம் முழுக்க ஓட்டை போட்ட தகடு. 'சூட்டை நினைத்தால் இது, அமைதியான அழகு வேண்டுமானால் அது' என்று தயாரித்த கம்பெனியே பிரித்துக் கொடுத்துவிட்டது. நம்ம ஊர் வெயிலுக்கு எது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கண்ணாடி என்றாலே கெட்டது என்றும் இல்லை. 2018-ல் வந்த லியான் லி ஓ11 டைனமிக்கின் முகமும் கண்ணாடிதான். ஆனால் காற்று நுழைய அடியிலும் பக்கத்திலும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். ஒரே சிக்கல், அது ஒரு ஃபேன்கூட இல்லாமல் வந்தது. எல்லாம் தனியாக வாங்க வேண்டும். அந்தத் தோற்றத்தை மட்டும் காப்பி அடித்து, காற்று வழியை மறந்த மலிவுப் பொட்டிகளிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்ல மெஷ் முகம் வைத்த கேபினட்டுகள் உண்டு மக்களே.

கடையில் நிற்கும்போது...

* முகத்தைப் பாருங்கள். மெஷ்ஷுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் வெளிச்சம் நன்றாக வெளியே தெரிய வேண்டும். மெஷ் மாதிரி டிசைன் மட்டும் போட்டு, பின்னால் பிளாஸ்டிக் மூடியிருந்தால் ரிஜெக்ட்.

* ஃபேனை எண்ணுங்கள். முன்னால் இரண்டு காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. சாதாரண கேமிங் பிசிக்கு இது போதும். நாலாவது ஃபேன் வாங்கினால், மேலே பின்பக்கமாக, வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். மேலே முன்பக்கம் மாட்டினால், இப்போதுதான் உள்ளே வந்த குளிர்ந்த காற்றை ப்ராசஸருக்குப் போகும் முன்பே அது வெளியே துரத்திவிடும்.

* ஒயரைக் கேளுங்கள். மலிவு கேபினட்டோடு வரும் ஃபேன்கள் பல, மோலெக்ஸ் ஒயரில் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். மதர்போர்டில் மாட்டுகிற நாலு பின் பிடபிள்யூஎம் ஃபேன் என்றால் சூட்டுக்கு ஏற்ப வேகம் மாறும், சத்தமும் குறையும்.

* அளவு எடுங்கள். மூணு ஃபேன் கார்டுகள் பல, 300 மில்லிமீட்டரைத் தாண்டும். டவர் கூலர்கள் சுமாராக 155 முதல் 160 மில்லிமீட்டர் உயரம். கேபினட் பெட்டியிலேயே இரண்டு அளவும் போட்டிருக்கும்.

* கலர் லைட்டைக் கடைசியில் பாருங்கள். ஆர்ஜிபிக்கும் குளிர்ச்சிக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும்...

ஃபேன் திசையைச் சரிபாருங்கள். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம் (ரிவர்ஸ் பிளேடு ஃபேன்கள் மட்டும் விதிவிலக்கு). சந்தேகம் வந்தால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் காட்டுங்கள். முன்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும், பின்பக்கம் பறக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் டேபிளில் 'சிபியு வைக்க' என்று கதவு போட்ட ஒரு அறை இருக்குமே, அதில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே தள்ளிய சூட்டையே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். மெத்தை மேலும் வேண்டாம், அடியில் இருக்கும் பவர் சப்ளை மூச்சுவிட முடியாது. டஸ்ட் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். தூசி படிந்த மெஷ்ஷும் மூடிய தகடும் ஒன்றுதான்.

ஏற்கெனவே கண்ணாடிப் பொட்டி வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். முதலில் ஒரு டெஸ்ட். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் விளையாடிவிட்டு சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே கேம், அதே அரை மணி நேரம். ஒன்றிரண்டு டிகிரி குறைந்தால் உங்கள் பொட்டி பாஸ். ஏழெட்டு டிகிரி குறைந்தால் அது மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். அப்போதும் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். முன்னால் ஃபேன் மாட்ட இடம் காலியாக இருந்தால், சில நூறு ரூபாய்க்கு ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் கேபினட்டை மாற்றலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். எவ்வளவு காஸ்ட்லி கேபினட்டும் சூட்டை அழிப்பதில்லை, பொட்டியிலிருந்து உங்கள் ரூமுக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த 300 வாட்டும் உங்கள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள் பாஸ், பிசிக்கு மட்டுமில்லை, ரூம்மேட்டுக்கும் சேர்த்துதான்!

அடுத்த வாரம்: லிஸ்ட்டில் கடைசிக்கு முந்தைய வரியில் தூங்குகிற பவர் சப்ளை. வாட் மட்டும் பார்த்து வாங்கினால் போதுமா?