கண்ணாடி ஏறாவிட்டால் குற்றம் யாருடையது?

மும்பைத் தெருக்களில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளின் காலம் 2023 அக்டோபருடன் முடிந்துவிட்டது. டாக்சிக்கு விதிக்கப்பட்ட இருபது ஆண்டு வயது வரம்பு அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பியட்டும் பத்மினியும் அம்பாசடரும் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய சொந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசு 2021-இல் விதி செய்தது. இத்தகைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் ஒர்க்‌ஷாப்புகளில் பாடுபடும் தமிழர்களும் உண்டு.

அங்கே அடிக்கடி தலைவலி கொடுப்பது இன்ஜின் மட்டுமல்ல, கதவுக் கண்ணாடியும்தான். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி பாதியில் நிற்கும். பலங்கொண்ட மட்டும் சுற்றினால் கைப்பிடியின் உள்பற்கள் மழுங்கிப் போகும். வெளியே மழை. முதலாளி அவசரப்படுத்துகிறார். பையன் கையில் கிடைத்த இன்ஜின் ஆயிலையோ, தேங்காய் எண்ணெயையோ கண்ணாடி இடுக்கில் விடுகிறான். ஒரு வாரம் சுகமாக ஓடும். வினை அதற்குப் பிறகுதான்.

கதவுக்குள் உராயும் இடங்கள் இரண்டு வகை. கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பற்சக்கரமும் கம்பியும் இரும்பும் இரும்பும் உரசும் இடம். கண்ணாடியின் ஓரம் ஓடும் தடமோ ரப்பரும் பஞ்சுப் பட்டையும் வைத்தது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய் என்று எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. பெட்ரோலிய எண்ணெய் பட்ட பழைய ரப்பர் ஊதிப்போய் மெதுமெதுவென்று ஆகிவிடும். அப்படி ஊதிய ரப்பர் கண்ணாடியை முன்னிலும் இறுக்கமாகப் பிடிக்கும். பஞ்சுப் பட்டையில் ஏறிய எண்ணெய் தெருப் புழுதியைச் சேர்த்துக்கொண்டு உப்புத்தாள் போலக் கண்ணாடியில் கோடு போடும். தேங்காய் எண்ணெயோ நாளடைவில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே ரப்பர் தடத்துக்குச் சிலிக்கோன் ஸ்பிரேதான் ஏற்றது. அதையும் நேரே பீய்ச்சாமல் துணியில் அடித்துத் தடவுவது நல்லது. காரணம் இருக்கிறது. சிலிக்கோன் பட்ட தகட்டில் பின்னால் பெயிண்ட் அடித்தால் மீன்கண் போலப் பள்ளம் பள்ளமாக விழும். பெயிண்டரின் வசவு வேறு கிடைக்கும். பெயிண்ட் வேலைக்குப் போகவிருக்கிற வண்டியில் அதைத் தொடாமலிருப்பதே புத்தி.

பற்சக்கரத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ். மெல்லிய பூச்சு போதும்; அள்ளி அப்பினால் புழுதிக்கு விருந்து வைத்ததாகும். டபிள்யூடி-40 அடித்தாலே போதும் என்று நினைப்பவர்கள் அநேகர். அது ஈரத்தை விலக்குவதற்கும், துருப்பிடித்து இறுகியதை இளக்குவதற்கும் உதவும். ஆனால் நெடுநாள் நின்று வேலை செய்யும் கிரீஸுக்கு அது ஈடாகாது. இளகிய பின் அதைத் துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் பூச வேண்டும். கதவுப் பூட்டுச் சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூள். அங்கே கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் பெரிய செலவல்ல. செலவு முழுவதும் நேரத்தில் இருக்கிறது. கதவின் உள்பலகையைக் கழற்றி, பழைய மசகை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் இரும்பில் மட்டும் துடைத்து, ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் கழுவி உலரவிட்டு, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, பிறகுதான் புதிய மசகு இட வேண்டும். துளை அடைத்திருந்தால் மழைநீர் கதவுக்குள்ளேயே தங்கும். கடற்காற்று வீசும் ஊரில் துருவுக்குச் சொல்லவா வேண்டும்! நான்கு கதவுக்கும் நிதானமாகச் செய்தால் நல்ல பொழுது போய்விடும். இந்தப் பொழுதுக்குக் காசு கொடுக்க வண்டிக்காரருக்கு மனம் வருவதில்லை. "கொஞ்சம் ஆயில் விட்டு அனுப்புப்பா" என்கிறார். சொன்னபடி விட்டவனே, இரண்டு மாதம் கழித்துக் கைப்பிடி கையோடு வந்ததும் குற்றவாளி ஆகிறான். சேதத்துக்கு அவன் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் கடைகளும் இல்லாமல் இல்லை.

இது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக நேர்ந்த நஷ்டத்துக்குத்தான் பிடித்தம். அதுவும் நஷ்டத்தின் அளவுக்கு மேல் கூடாது. அவன் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வரையறுத்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. முப்பது நாற்பது ஆண்டு உழைத்துத் தேய்ந்த பற்சக்கரத்தின் நஷ்டம், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனின் கவனக்குறைவு ஆகாது.

பில்லில் 'ஆயில், கிரீஸ்' என்று ஒற்றை வரியில் முடிக்கும் பழக்கத்தை ஒர்க்‌ஷாப்காரர்கள் விட வேண்டும். 'கதவு பிரித்துத் துடைத்த கூலி' என்று தனி வரி எழுதட்டும். வேண்டாமென்று மறுக்கும் வண்டிக்காரரிடம், மறுத்ததாக அதே பில்லில் ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.